நீரை ஏலா மணலும் ஏரி வண்டலும்

மணலில் வார்த்த நீர் நொடியில் மறையும் என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆற்றங்கரையில் ஊற்றுத் தோண்டி விளையாடிய சிறுவனும் இதனை அறிவான். ஆயினும், மேலே வார்த்த நீரை உள்ளே விடாது, தாமரையிலைபோல் உருட்டித் தள்ளும் மணலும் உலகில் உண்டு என்று கூறின், நம் கலாசாலை நண்பர்களுட் பலர் நகைப்பர். சென்ற கோடை விடுமுறை வரையில் யாமும் நகைத்திருப்போம். நகைக்க இடமின்றிச் செய்த நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறி, அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் பின்னர் விளக்கப் புகுவாம்.

பாகூர்க் கொம்யூனின் கடலோரத்தில், மணப்பட்டுக்கு அணித்தே, எம் தாய்மாமனுக்கு இரண்டு ஏக்கர் மணற்பாங்கான நிலம் உண்டு. பல்லாண்டு சவுக்குத் தோப்பாய் நின்ற அதனை வெட்டித் திருத்திச் சித்திரைப் பட்டத்தில் மணிலா விதைத்திருந்தார். யாம் சென்ற நாளில் விதைத்துப் பதினைந்து நாள் கழிந்திருந்தது. பயிர் ஓரிடத்தில் செழித்தும், அடுத்த நான்கடி வெற்றிடமாயும், தேய்ந்த பாய்போல் திட்டுத் திட்டாய்க் காணப்பட்டது. விதையைப் பழிக்க வழியில்லை. ஒரே மூட்டை விதைதான் எங்கும் விதைக்கப்பட்டது. ஆகவே மாமன் தண்ணீர் கட்டும் பெரியவரைக் கடிந்துகொண்டார். கடையிற் சென்று அமர்ந்துவிட்டுப் பாத்திகளை அரைகுறையாக நனைத்தார் என்பது குற்றச்சாட்டு. அவ்வாரக் கூலியிற் பாதியைப் பிடித்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

பெரியவர் சினந்திலர். "நான் தண்ணீர் விடாமல் இல்லை, ஐயா. தண்ணீர்தான் உள்ளே போகமாட்டேன் என்கிறது" என்று மட்டும் கூறிவிட்டு மண்வெட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

அம்மொழி எம் மனத்தை விட்டு அகலவில்லை. அன்று மாலை நீர் பாய்ச்சி முடிந்த ஒரு பாத்தியை யாமே தோண்டிப் பார்த்தோம். மேலே ஒரு விரற்கிடை மண் கறுத்து ஈரமாயிருந்தது. அதன்கீழ், கைப்பிடியினின்று மாவுபோல் நழுவும் உலர்மணல்! சற்று அப்பால் தோண்டியபோது, நீர் ஒரே தாரையாய்க் கீழிறங்கி, தூண்போன்ற ஈரத்தடத்தை உண்டாக்கியிருந்தது. அத்தடத்தின் மேல் விழுந்த விதை முளைத்தது. இருபுறமும் உலர்மணலில் விழுந்தது முளைக்கவில்லை. பெரியவர் கூறியது ஓர் எழுத்தும் பிசகாத உண்மை.

இதன்பின் அம்மணலை ஒரு தாளிற் பரப்பி நிழலில் உலர்த்தி, அதன்மேல் ஒரு துளி நீரை மெல்ல விட்டோம். துளி முத்துப்போல் திரண்டு நின்றது. நான்கு நிமிடம் கடந்தபின்னரே மெல்லத் தளர்ந்து உட்புகுந்தது. இஃது யாம் புனைந்த சோதனை அன்று. மண்ணியலார் உலகெங்கும் கையாளும் முறையே. துளி 5 நொடிக்குள் மறையின் அம்மண் நீரை ஏற்கும் மண். 5 முதல் 60 நொடி நிற்பின் சிறிது மறுக்கும் மண். 60 முதல் 600 நொடி எனில் வலிதாக மறுப்பது. 600 முதல் 3600 நொடி எனில் கடுமையாக மறுப்பது. ஒரு மணி நேரத்திற்கும் மேல் துளி நிற்பின் மிகக் கொடியது. மாமன் நிலத்து மணல் மூன்றாம் வகுப்பைச் சார்ந்ததாயிற்று. ஒரு தாளும், ஒரு துளி நீரும், கைக்கடிகாரமும் இருந்தால் எந்த உழவரும் தம் வீட்டுத் திண்ணையிலேயே இதனைச் செய்து பார்க்கலாம்.

இனி, மணல் நீரை மறுப்பது யாதினால் எனக் காண்போம்.

நீர் ஒரு பொருளை நனைப்பதும் நனையாததும் இரண்டு இழுப்புகளைப் பொறுத்தன. நீரணுக்கள் தம்முள் ஒன்றையொன்று இழுப்பது ஒன்று. எதிர்ப்பட்ட பொருள் நீரைத் தன்பால் இழுப்பது மற்றொன்று. தூய மணற்பரல் நீரை வலிதாய் இழுக்கும். ஆதலின் பரல்களுக்கு இடையேயுள்ள நுண்துளைகளில் நீர் தானே ஏறியும் இறங்கியும் பரவும். தாமரையிலையின் மேற்புறத்திலோ நுண்ணிய மெழுகுப் பூச்சு உண்டு. மெழுகு நீரை இழுக்காது. எனவே நீர் தன்னைத்தானே பற்றிக்கொண்டு உருண்டையாகிறது. மணற்பரல்களின் மேல் அத்தகைய மெழுகு படியுமாயின், துளைகள் நீரை உறிஞ்சுவதற்கு மாறாக வெளியே தள்ளுவனவாகும்.

அம்மெழுகு எங்கிருந்து வந்தது? நிலத்தின்மேல் உதிர்ந்து மட்கும் இலைகளிலிருந்தும், வேர்களிலிருந்தும், மண்ணில் வாழும் பூஞ்சைகளிலிருந்தும் வந்தது. யூகலிப்டஸ், பைன் முதலிய மரங்களின்கீழ் இத்தன்மை பல நாடுகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. சவுக்கும் விரைவில் மட்காத சருகை ஆண்டுதோறும் நிலத்திற் பரப்பும் மரமே. அமெரிக்காவில் ஷ்ரைனர், ஷோரி என்னும் இருவர், கலிபோர்னியாவில் நனைக்கவே இயலாத ஒரு மண்ணைக் குறித்து 1910ஆம் ஆண்டிலேயே எழுதினர். அன்று வியப்பாகக் கருதப்பட்ட அது, இன்று உலகின் பல பகுதிகளிலும் காணப்படும் குறை என அறியப்பட்டுள்ளது.

மரம் எங்கும் உண்டு. சருகும் எங்கும் உண்டு. அங்ஙனமாயின் இக்குறை களிமண் நிலத்தில் குறைந்தும் மணல் நிலத்தில் மிகுந்தும் காணப்படுவது ஏன் என்ற வினா எழும். விடை எளிது. ஒரு பொருளைச் சிறு சிறு துகளாக்குந்தோறும் அதன் மேற்பரப்பு பெருகும். பருமணல் ஒரு கிராமின் மேற்பரப்பை எல்லாம் கூட்டினாலும் உள்ளங்கை அகலத்தைப் பெரிதும் மிஞ்சாது. களிமண் வகைகளுள் ஒன்றான கயோலின் ஒரு கிராமின் மேற்பரப்போ 10 முதல் 30 சதுர மீட்டர். மாண்ட்மாரிலோனைட் என்னும் வகையில் அது 700 சதுர மீட்டரையும் கடக்கும். ஓர் அகல் நிறைந்த எண்ணெயைக் கொண்டு ஒரு திண்ணையை மெழுகலாம். ஊர் முழுவதையும் மெழுக இயலுமோ? சிறிதளவு மெழுகு மணற்பரல்கள் அனைத்தையும் மூடப் போதும். களிமண்ணில் அஃது இருந்த இடம் தெரியாமல் மறையும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. இக்குறை எக்காலத்தும் ஒருபடித்தாய் இராது. மண் ஈரமாக உள்ளவரை அடங்கியிருந்து, ஓர் எல்லைக்குக்கீழ் உலர்ந்தவுடன் தலைதூக்கும். இது நம் கடற்கரைக்குப் பெருந்துன்பம் தருவது. புதுச்சேரியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிற் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. கோடை முழுவதும் காய்ந்து, மணல் மிகவும் முரண்டு பிடித்து நிற்கும் வேளையிலேதான் பெருமழை வந்து மோதுகிறது. முதல் மழையின் ஒரு பகுதி பள்ளம் நோக்கி ஓடிவிடும். மற்றொரு பகுதி முன்னர்க் கூறிய தூண்தடங்களின் வழியே, இட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு, வேர் எட்டாத ஆழத்திற்கு விரைந்துவிடும். மழை பெய்தும் பயிர் வாடும். உரமிட்டும் இலை மஞ்சளிக்கும். நிலத்தடி நீரில் கடலுப்பு ஏறிவரும் நம் கரையோரச் சிற்றூர்களில், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்த நல்ல நீரை இவ்வாறு இழப்பது இரட்டை நட்டமாகும்.

நிற்க. பரிகாரம் யாது?

முதலாவது, நீரின் பிடிவாதத்தைத் தளர்த்துதல். சவர்க்காரம் கலந்த நீர் எண்ணெய்ப் பிசுக்கை நனைப்பதுபோல, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் மருந்துகள் மெழுகேறிய மணலையும் நனைக்கும். பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீரை ஒரு துளி எம் மணல்மேல் விட்டோம். நின்ற சுவடின்றி மறைந்தது. இதற்கெனச் செய்யப்பட்ட மருந்துகள் புல்வெளி விளையாட்டு நிலங்களிலும் வெளிநாட்டு வயல்களிலும் வழக்கில் உள்ளன. ஆனால் அவற்றின் பயன் நிலையாக நிற்பதன்று. மீண்டும் மீண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும். துணி வெளுக்கும் சவர்க்காரத்தை வயலில் ஊற்றலாம் எனக் கருதுதல் தவறு. அதிலுள்ள சோடியம் மண்ணைக் கெடுக்கும்.

இரண்டாவது, விதைக்கும் முறையை மாற்றுதல். மேலேயுள்ள உலர்மணலை இருபுறமும் ஒதுக்கிச் சால் இழுத்து, அதன் அடியில் விதைத்தால், நீர் கரைகளில் உருண்டு சாலில் தேங்கி, தேங்கிய எடையினாலேயே உட்புகும். இதற்குப் பொருட்செலவு இல்லை. ஒரு பருவத்திற்கு உதவும்.

மூன்றாவது, தீயை விலக்குதல். தோப்பை வெட்டியபின் கழிவைக் குவித்துக் கொளுத்துவது நம்மவர் வழக்கம். மண் ஏறக்குறைய 175 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடேறும்போது, மெழுகு ஆவியாகிக் கீழே குளிர்ந்த பரல்களின்மேல் முன்னிலும் இறுகப் படிகிறது. 280 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அது அழியும் என்பது உண்மையே. ஆனால் அச்சூடு மேற்பரப்பில் மட்டும் நிகழ்வதாதலின், தீமை அழியாது, கீழே இடம் மாறுகிறது. கொளுத்துவதினும் சருகை அரித்து அகற்றுவதே நன்று.

நான்காவதும் தலையாயதும், மணலொடு களி சேர்த்தல். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சவுக்கின் தாயகங்களுள் ஒன்றான ஆஸ்திரேலியாவிலேயே உள்ளது. தென் ஆஸ்திரேலியாவில் முண்டல்லா என்னும் சிற்றூரைச் சார்ந்த உழவர் ஒருவர், 1960களின் இறுதியில், தம் மணல் நிலத்தில் களிமண் சிதறிய இடங்களில் மட்டும் பயிர் சீராக முளைத்ததைக் கண்டார். அதனைத் துணிந்து தம் வயலிற் பரப்பினார். அவர் கண்டதை அறிவியலார் பின்னர்ச் சோதித்து உறுதி செய்தனர். இன்று அந்நாட்டில் பெரும்பரப்பான மணல் நிலங்கள் இம்முறையால் திருத்தப்பட்டுள்ளன. களித்துகள்கள் மெழுகேறிய பரல்களைப் போர்த்து, தம் நீர்விரும்பும் மேற்பரப்பை வெளியே காட்டுகின்றன. மெழுகு அழிவதில்லை, மறைக்கப்படுகிறது. எனினும் இப்பயன் பல்லாண்டு நிற்கும்.

யாமும் சிறிதளவில் இதனைச் செய்து பார்த்தோம். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றுப் புகழுடன் விளங்குவது. அவ்வூரிற் பானை வனைவோர் ஒருவரிடம் பிடிமண் வேண்டிப் பெற்றோம். அதனைப் பொடித்து, மாமன் நிலத்து மணல் நூறு கரண்டிக்கு ஐந்து கரண்டி வீதம் கலந்து, இருமுறை நனைத்து இருமுறை உலர்த்தினோம். பின்னர் விட்ட துளி மூன்று நொடியில் மறைந்தது. நான்கு நிமிடம் எங்கே, மூன்று நொடி எங்கே!

வயலுக்கு எவ்வளவு களி வேண்டும்? கணக்கு இதோ. ஓர் ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். மேல்மண் 10 சென்டிமீட்டர் எனக் கொள்ளின் ஏறக்குறைய 405 கன மீட்டர். எடையில் சுமார் 600 டன். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு களி சேர்க்க 18 டன் களி வேண்டும். வண்டலில் நூற்றுக்கு நாற்பது பங்கு களி இருக்குமாயின், 45 டன் வண்டல். மூன்று டன் ஏற்றும் டிராக்டர் வண்டிக்குப் பதினைந்து நடை. முழு நிலத்திலும் செய்ய அஞ்சுவோர் ஐந்து சென்ட்டில் சோதிக்கலாம். அதற்கு ஒரு நடையே போதும்.

அவ்வண்டல் எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டுவதில்லை. வில்லியனூர்ப் பக்கத்தில் ஊசுடு ஏரி. அதற்கு அடுத்த பெருமை உடையது பாகூர் ஏரி. சொர்ணாவூர் அணையிலிருந்து தென்பெண்ணை நீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொணர்கிறது. நீரோடு வரும் நுண்மண் ஆண்டுதோறும் ஏரியில் அடங்குகிறது. ஏரிக்கு அது பாரம்; மணலுக்கு அது மருந்து. மேட்டு நிலத்திற்கு வண்டல் அடிக்கும் வழக்கத்தை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிக்கின்றன. ஏரியிற் குழி தோண்டி மண் அள்ளும் ஓடங்களுக்கு அறக்கட்டளை வைத்த செய்திகளையும் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிற் காண்கிறோம். பாகூரோ கல்விக்கும் பெயர் பெற்ற ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர் வித்தியாத்தானத்திற்கு, அஃதாவது கலாசாலைக்கு, மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. மூன்று ஊர்களின் விளைவை உண்டு மாணாக்கர் ஓதினர் எனின், அவ்விளைவைத் தந்தன மண்ணும் நீரும் அல்லவோ? கற்பவன் தனக்குச் சோறிட்ட மண்ணை அறியக் கடமைப்பட்டவன் என்பதற்கு இதனினும் பழைய சான்று நம் அயலில் வேண்டா.

அண்மைக் காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியுடன் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் புதுச்சேரியின் 84 ஏரிகளைத் தூர்வாரிக் கரை உயர்த்தியது. தமிழ்நாட்டரசு 2017ஆம் ஆண்டில், நீர்நிலைகளின் வண்டலை உழவர் விலையின்றி எடுத்துக்கொள்ள வழிசெய்தது. ஏரியை ஆழமாக்கும் பணியும் மணலைத் திருத்தும் பணியும் ஒரே மண்வெட்டியால் முடியத்தக்கன என்பதை இரு தரப்பாரும் உணர்தல் வேண்டும்.

ஆயினும் எச்சரிக்கைகள் சில உள. உரிய அலுவலரின் இசைவின்றியும், கரைக்கும் மதகுக்கும் அருகிலும் வண்டல் எடுத்தல் கூடாது. உப்பேறிய வண்டல் மருந்தன்று, நஞ்சு. ஆதலின் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தாரைப் போன்றோரிடம் கேட்டு, மண்ணைப் பரிசோதித்த பின்னரே அடிக்க வேண்டும். எல்லாக் களியும் ஒரே பயன் தருவதில்லை. கயோலின் வகை மணலிடை எளிதிற் பரவிப் போர்த்தும். மாண்ட்மாரிலோனைட் மிகுந்த கரிசற் களி, மேற்பரப்பிற் பெரிதாயினும், தன்னுள் திரண்டு கட்டியாய் நிற்கும். ஒரு கிண்ணத்திற் கலந்து துளிச்சோதனை செய்தால் எது நன்று என்பது விளங்கும். மேலே கொட்டிய வண்டலை உழாது விட்டால் அதுவே ஓடுபோல் இறுகி நீரைத் தடுக்கும். காயவிட்டுக் கட்டி உடைத்து, முதல் மழையிற் கரையவிட்டுக் குறுக்கும் நெடுக்கும் உழுதல் இன்றியமையாதது.

விடுமுறை முடியுமுன் மாமனை வயலுக்கு அழைத்துச் சென்று, அவர் கையாலேயே தோண்டச் செய்தோம். மேலே ஈரம், கீழே உலர்மணல். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாட் காலையில் பெரியவரின் வீட்டிற்கே சென்று, பிடித்துவைத்த கூலியைக் கொடுத்துவிட்டு, "பெரியவரே, நீங்கள் சொன்னதை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை" என்றார். பெரியவர் பணத்தை மடியிற் செருகிக்கொண்டு, "மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் மனுசனைத் தோண்டினீர்கள், ஐயா" என்று கூறிச் சிரித்தார். இப்பொழுது ஐந்து சென்ட்டில் வண்டல் அடித்தாயிற்று. விளைவை ஐப்பசி மழை கூறும்.

அறிவியல் என்பது பெருநகரத்து ஆய்வுக்கூடங்களில் மட்டும் உறைவதன்று. நீர் உள்ளே போக மறுக்கிறது என்று முதன்முதற் கண்டவர் எழுத்தறியாத முதியவர். யாம் செய்ததெல்லாம் அவர் சொல்லைத் துளியும் கடிகாரமும் கொண்டு சரிபார்த்ததே. ஆதலின் விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள், உங்கள் நிலத்து மணலை ஒரு தாளிற் பரப்பி, ஒரு துளி நீர் விட்டு, எண்ணிக்கொண்டிருங்கள். எண்ணிக்கை ஐந்தைக் கடந்தால், தண்ணீர் கட்டுபவரைக் கடியுமுன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்.